எல்ஃபுக்கு நான் சொன்ன தமிழ்

அன்புள்ள மகளுக்கு,

நீ இருக்கும் ஊரில் உனக்குச் சாந்தியும் சலாமத்தும் கிடைக்கட்டும். இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. உடம்பு சுகம்தான். முழங்கால் மட்டும் கடைத்தெருவுக்குப் போக ஒத்துக்கொள்கிறது, திரும்பி வரத்தான் முரண்டு பிடிக்கிறது. மழை பிடித்து ஒரு கிழமை ஆகிறது. ஹந்தானைப் பக்கம் மலையே தெரியவில்லை.

போன மாதம் நீ அழைத்து நிக்காஹ் நாளைச் சொன்னாய். அந்த பொஸ்னியாக்காரப் பிள்ளையின் குரலையும் கேட்க வைத்தாய். சலாம் சொன்ன விதத்திலேயே நல்ல பிள்ளை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நீ சொன்னது இது: "வாப்பா, நீங்கதான் வலிக்காரரா வந்து என்ட கைய அவருக்குக் குடுக்கணும். டிக்கட் நான் அனுப்புறன். வரக்குள்ள அலுமாரில இரிக்கிற, நான் எழுதின ஏழு கொப்பியையும் கொண்டு வாங்க. அத மறந்துட்டு வந்தீங்கண்டா ஏர்போட்லருந்தே திருப்பி அனுப்புவன்." நீ சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். சரி மகள், கொண்டு வாறன் என்றேன்.

மகள், அலுமாரியில் கொப்பி இல்லை. பதினேழு வருஷமாக இல்லை. நீ பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று ஏழு கொப்பியையும் என் கையாலேயே மகாவலி ஆற்றில் போட்டேன். பூட்டி வைத்திருக்கிறேன் என்று உனக்குச் சொன்னது பொய். பரீட்சை முடியட்டும், பிறகு தருகிறேன் என்று சொன்னதும் பொய். நீ வெளிநாடு போகும்போது, இங்கேயே இருக்கட்டும், அங்கே குளிரில் தாள் கெட்டுப்போகும் என்று சொன்னேனே, அது பொய்களுக்கெல்லாம் தலைவன். இதை வாசித்த பிறகும் உன் வாப்பா வந்து உனக்கு வலிக்காரராக நிற்க வேண்டுமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அதை மறைத்துவிட்டு உன் கையை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு முடியாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதன் பிரதி ஒன்றை, உனக்குக் கிடைத்து ஒரு கிழமை போன பிறகு, ஊரில் நம் ஆட்கள் நடத்தும் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். பெயர் போடவில்லை. போடாவிட்டாலும் இங்கே பாதிப்பேருக்கு விளங்கிவிடும், விளங்கட்டும். உன்னைப் பற்றி ஊர் முழுக்கப் பரவிய ஒரு சொல் இருக்கிறது. அதைக் கிளப்பிவிட்டவன் நான். நாலு பேர் கேட்கச் சொன்னதை நாலு பேர் கேட்கத்தானே திருப்பி எடுக்க வேண்டும்?

என் தொழில் உனக்குத் தெரியும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று சிங்களத்தில் வருவதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் ஆக்கி, இது சரியான மொழிபெயர்ப்பென உறுதி கூறுகிறேன் என்று எழுதி முத்திரை குத்துகிறவன். இருபது வருஷம் அப்படிக் குத்திக் குத்தி, எந்தச் சொல்லுக்கும் என்னிடம் பதில் உண்டு என்ற திமிர் எனக்கு வந்திருந்தது. உனக்கு அப்போது பதினாலு வயசு. கண்டியில் பழைய புத்தகக் கடையிலிருந்து தலையணைப் பருமனில் இங்கிலீஷ் கதைப்புத்தகங்களை வாங்கிவந்து, சோறு தண்ணி இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் என் மேசைக்கு வந்து கேட்டாய்.

"வாப்பா, எல்ஃப் எண்டா தமிழ்ல என்ன?"

என் முன்னால் ஒரு காணி உறுதி கிடந்தது. எல்லை எழுதுவதில் குழம்பிப்போய் இருந்தேன். தலையைத் தூக்காமல், "ஜின் எண்டு போடு" என்றேன்.

"ஜின் இல்ல வாப்பா. ஜின் நெருப்பால படச்சது. இது வேற."

"அப்ப குட்டிச்சாத்தான் எண்டு போடு."

"ஐயோ வாப்பா, இவங்க ஒசரம். வடிவு. மவுத்தாக மாட்டாங்க, சாவே இல்ல. ஆனா எப்பவும் கவலையா இரிப்பாங்க."

"மவுத்தாகாதவனுக்கு என்ன கவலை? ஜின்தான். போ, போய்ப் படி."

அடுப்படியிலிருந்து உன் உம்மா சொன்னா: "தெரியாட்டி தெரியா எண்டு செல்லுங்களேன். பிள்ளைக்கிட்ட தோத்தா என்ன கொறஞ்சா போகுது?" நான் உறுதியின் அடுத்த வரிக்குப் போனேன். பெரிய மொழிபெயர்ப்பாளன் அல்லவா. அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டவன் நான், மகள். அது எங்கே போய் விழும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை.

அடுத்த வருஷம் உம்மா போய்விட்டா. ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். அவவின் ஜனாஸா வீட்டுக்கு வந்து அடக்கத்துக்குப் போன பிறகும் நீ அழவில்லை. உன் மாமி, என் மூத்த சகோதரி, நாற்பது நாள் நம் வீட்டிலேயே இருந்து சமைத்துப் போட்டா. எல்லாரும் என்னிடம், பிள்ளை தைரியமான பிள்ளை என்றார்கள். நானும் அதை நம்பி ஆறுதல்பட்டேன். அழாத பிள்ளையைப் பார்த்து ஆறுதல்படுகிற தகப்பனுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிறகுதான் கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு வருவாய், அறைக் கதவைச் சாத்துவாய், ஒரு பாஷையில் பேசத் தொடங்குவாய். தமிழ் இல்லை, சிங்களம் இல்லை, அரபு இல்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லுவாய். எனக்கு அது இன்றைக்கும் மனப்பாடம்: லயிழம தேகாநிக் கள்ம. லயிழம தேகாநிக் கள்ம. சில நேரம் கெஞ்சுகிற குரல், சில நேரம் அதட்டுகிற குரல். உன் குரல் போலவும் இருக்காது. உன் மேசையில் கொப்பி கொப்பியாக ஒரு எழுத்து, வளைவும் சுழியுமாக, உலகத்தில் எங்கேயும் நான் காணாத எழுத்து.

ஒரு நாள் மாமி கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்தா. "தம்பி, விளங்குதா? கடைசியில என்ன செல்றாண்டு கேளுங்க. கள்ம, கள்ம எண்டு செல்றா. கலிமா. அல்லாஹ்ட கலிமாவத் திரிச்சி ஓதுது. பிள்ளை இல்ல ஓதுறது, பிள்ளைக்குள்ள இருந்து ஒண்டு ஓதுது." நான் படித்தவன். சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. கலிமா என்று அவ சொன்ன பிறகு எனக்கும் அது கலிமாவாகத்தான் கேட்டது. ஒருதரம் அப்படிக் கேட்டுவிட்ட காதுக்கு வேறு மாதிரிக் கேட்காது.

மாமி வாயை மூடிக்கொண்டிருந்தா. இதை நீ நிறுத்தி வாசிக்க வேண்டும். ஊருக்குச் சொன்னது மாமி என்றுதான் நீ இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறாய். மாமி நோயில் கிடந்து, உன் குரலைக் கேட்க வேண்டும் என்று என்னிடம் மூன்று தரம் கேட்டா. நீ பேச மறுத்தாய். அவ மவுத்தான பிறகும் அவவைப் பற்றி நீ ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. மகள், மாமி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னது நான். கடைத்தெரு சலூனில் முடி வெட்ட உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கதிரைக்காரர் சும்மா ஒரு பேச்சுக்கு, "மகள் என்ன செய்றா, ஒரே எழுதிக்கொண்டிரிக்கிறாவாமே?" என்று கேட்டார். பெருமையும் பயமும் பாதி பாதியாக இருந்தது எனக்கு. "எல்ஃப் எண்டு ஒண்டு. ஒரு வகை ஜின். அதுட பாஷையாம், பேசுறா, எழுதுறா" என்றேன். கத்தரிக்கோல் சத்தம் நின்றது. என் சொல்லின் பாரத்தை அப்போது உணர்ந்தேன். நான் சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அஸர் தொழுகைக்கு நான் போகும்போது எனக்கு முன்னால் அந்தப் பேச்சு பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. ஒரு கிழமைக்குள் வகுப்பில் உனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மொழிபெயர்ப்பாளரின் மகள் ஜின்னோடு பேசுகிற பிள்ளை. அதற்கும் என் முத்திரைதான்.

நம் மௌலவியைக் கூட்டிவந்தேன். அவர் மீது உனக்குக் கோபம் இருக்கக்கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். அவர் உன்னோடு கால் மணித்தியாலம் பேசினார். அரபு போல வலதிலிருந்தா எழுதுறீங்க என்று கேட்டார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் என்று நீ சொன்னாயாம். அவருக்குச் சிரிப்பு. வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல. தாய் மவுத்தான பிள்ள. எழுதட்டும் உடுங்க. நீங்களும் கொஞ்சம் அழுங்க." நான் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, இவருக்கு வயசு போதாது, அனுபவம் இல்லை என்று மாமியிடம் சொன்னேன். எனக்கு வேண்டிய பதிலை அவர் தரவில்லை, அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமைதான் கொப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

நீ நோர்வேக்குப் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது, இந்த ஊரைவிட்டுத் தப்ப ஒரு வழி என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் லண்டனுக்குப் போகிறார்கள், டோஹாவுக்குப் போகிறார்கள். நீ எல்ஃப்கள் பிறந்த ஊரையே தேடிப் போனாய். பழைய வடமொழி படிக்கிறேன் என்று நீ எழுதியபோது சமஸ்கிருதம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவன் நான். அது வடக்குத் தேசத்துப் பழைய பாஷை என்று விளங்க எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. இதைச் சொல்லிச் சொல்லி நீ சிரித்திருக்கிறாய்.

நீ அனுப்பிய ஆய்வேட்டைக் கண்டியில் ஒரு கடையில் அச்செடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன். கொப்பி இல்லை என்பதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நாளைக் கடத்துவதற்காகத்தான் வாசிக்க உட்கார்ந்தேன். முதலில் கோபம் வந்தது. ஒரு எல்ஃபுக்கு முந்நூறு பக்கமா? ஆனால் வாசிக்க வாசிக்க நிற்கவில்லை. அகராதி பக்கத்தில், கண்ணாடி மூக்கில், மூன்று கிழமை.

அந்தப் பழைய வடக்கத்திச் சனங்களின் பாட்டுகளில் எல்ஃப்களின் பெயர் அவர்களுடைய தெய்வங்களின் பெயரோடு ஒரே மூச்சில் வருகிறதாம். ஆனால் முகம் எப்படி, காது எப்படி என்று யாரும் சொல்லவில்லையாம். ஒரு நூல் மட்டும், மேலே ஒளி எல்ஃப்கள், நிலத்துக்குக் கீழே கரிய எல்ஃப்கள் என்று பிரிக்கிறது. ஒரு கதையில், காயம்பட்டவன் குணமாவதற்காக, எல்ஃப்கள் குடியிருக்கும் மேட்டில் மாட்டு இரத்தத்தைப் பூசி இறைச்சி படைக்கச் சொல்கிறார்கள். குளிர்காலம் வரும் முன் வீட்டுக்குள்ளேயே அவர்களுக்குப் படையல் நடக்கும், அன்றைக்கு வழிப்போக்கன் வந்தால் வீட்டுக்காரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். பிறகு வந்த நாட்டுப்புறக் கதைகளில் அவர்கள் பாறைக்குள்ளும் குன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்கிறார்கள். மாடு திடீரென்று விழுந்தால் எல்ஃப் எய்த அம்பு. இடுப்பில் சுரீர் என்று குத்தினாலும் அதே அம்பு. அதற்கும் பிறகு வந்த பாட்டுக்காரர்கள் பயத்தை எடுத்துவிட்டு, பூவுக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு அவர்களைச் சுருக்கினார்கள். இந்தக் காலத்து மாயக்கதை எழுதுகிறவர்கள்தான் அவர்களை மறுபடி ஆள் உயரத்துக்கு நிமிர்த்தி, கூரான காதும் வில்லும் காடும் கொடுத்து, இலக்கணத்தோடு பாஷையும் கொடுத்து, சாவை மட்டும் எடுத்துவிட்டார்கள். சாவை எடுத்த இடத்தில் கவலையை வைத்தார்கள். சுற்றியிருக்கிறவர்களெல்லாம் போகப்போகத் தான் மட்டும் மிஞ்சுகிற கவலை.

ஏன் அப்படி மாற்றினார்கள் என்பதுதான் உன் கேள்வி. நீ எழுதிய பதிலைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் காலத்துக் குடியானவனுக்கு எல்ஃப் வயல் ஓரத்தில் இருந்தது, அதனால் பயந்தான். இந்தக் காலத்து வாசகனுக்குப் பயப்பட அங்கே ஒன்றும் இல்லை, இழந்ததுதான் இருக்கிறது. பயந்தவர்களின் எல்ஃப் வேறு, இழந்தவர்களின் எல்ஃப் வேறு என்று எழுதியிருக்கிறாய். மகள், நம் வீட்டில் அந்த இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன. நடுவில் ஒரு கதவு. நீ உள்ளே இழந்துகொண்டிருந்தாய், நான் வெளியே நின்று பயந்துகொண்டிருந்தேன்.

மாற்றிவைத்த பிள்ளைகளைப் பற்றிய அத்தியாயத்தை என்னால் ஒரே இருப்பில் வாசிக்க முடியவில்லை. குன்றில் வாழ்கிறவர்கள் நம் பிள்ளையை எடுத்துக்கொண்டு, அதே முகத்தில் தங்கள் பிள்ளையை வைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. உண்மையான பிள்ளை திரும்பி வரட்டும் என்று, வீட்டில் இருக்கும் பிள்ளையை அடித்தவர்களும் குளிரில் வெளியே வைத்தவர்களும் இருந்தார்களாம். அந்தப் பெற்றோரைப் பற்றி நீ கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. தாங்கள் தொலைத்துவிட்டதாக நினைத்த பிள்ளையைத் தேடித் தேடி, கண்ணுக்கு முன்னால் இருந்த பிள்ளையை அவர்களால் பார்க்க முடியாமல் போனது என்று மட்டும் எழுதியிருக்கிறாய். என்னை நினைத்துத்தான் எழுதினாயா? கேட்கப் பயமாக இருக்கிறது.

முன்னுரையைக் கடைசியாகத்தான் வாசித்தேன். நன்றி சொல்லும் பகுதிதானே என்று விட்டுவைத்திருந்தேன். அதில் நீ எழுதியிருக்கிறாய், உன் முதல் எல்ஃப் பாஷை பதினைந்து வயதில், தாய் இறந்த வீட்டில் உண்டானது என்று. அதற்கு நீ புதுச்சொல் எதையும் கண்டுபிடிக்கவில்லை, உம்மா தினமும் சொன்ன வாக்கியங்களில் ஒவ்வொரு சொல்லையும் கடைசி அசையிலிருந்து திருப்பிப் போட்டாய் என்று. எல்ஃப் ராணி தன் படைக்குச் சொல்லும் ஆசி "டுபிசாப்" என்பதாம். அது சாப்பிடு. அங்கே நான் சிரித்தேன். அடுத்த வரியில் இங்கிலீஷ் எழுத்தில் அந்த வாக்கியம் இருந்தது. லயிழம தேகாநிக் கள்ம.

மழயில நிக்காதே மகள்.

முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்காதே, உள்ளே வா என்று உன்னைப் பார்த்து உம்மா கத்தியதை நான் எத்தனை ஆயிரம் தரம் கேட்டிருப்பேன்? மூன்று பாஷை தெரியும் என்று முத்திரை குத்தியவனுக்குத் தன் பெண்சாதியின் பேச்சு விளங்கவில்லை. கள்ம என்பது கலிமா இல்லை, மகள். மகள் என்பதுதான். கதவுக்குப் பின்னால் உம்மா உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா, நான் அதைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டேன். இதை வாசித்த அன்றைக்குத்தான் நான் அழுதேன். மௌலவி சொல்லிப் பதினேழு வருஷம் கழித்து.

ஊர்ப்பேச்சுக்குப் பயந்துதான் செய்தேன் என்று இவ்வளவு நேரமும் எழுதிவிட்டேன். அது பாதிதான். மீதியையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகப் போய்விடும். பாலத்தில் நின்று கடைசிக் கொப்பியை நான் திறந்து பார்த்தேன். ஒரு படம். உயரமான ஒரு பெண், தலையில் முக்காடு, முக்காட்டைத் துளைத்துக்கொண்டு கூரான இரண்டு காது. மூக்கில் கண்ணாடி, வலப்பக்கக் கம்பியில் நூல் சுற்றியிருந்தது. உலகத்தில் எந்த எல்ஃப் கண்ணாடி போடும்? உன் உம்மாதான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. படத்துக்குக் கீழே உன் எழுத்தில் இரண்டு வரி இருந்தது, அதைத்தான் வாசிக்க முடியவில்லை. தெரிந்த பிறகுதான், மகள், கொப்பியைக் கையிலிருந்து விட்டேன். தெரியாமல் இல்லை. மையவாடியில் நான் என் கையால் மண் போட்டு மூடிவிட்டு வந்தவளை, நீ அறைக்குள் சாவே இல்லாமல் வைத்திருந்தாய். உன்னோடு அவ பேசிக்கொண்டிருந்தா, என்னோடு பேசவில்லை. எனக்குப் பொறாமை. ஜின், மார்க்கம், ஊர், மானம் எல்லாம் நான் பிறகு தேடிக்கொண்ட காரணங்கள்.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் வீட்டில் ஒரு கதவுக்குப் பின்னால் விளங்காத பாஷை கேட்டால், காதை வைத்து ஒட்டுக் கேட்காதே, தட்டிவிட்டு உள்ளே போய், என்ன சொல்கிறாய் என்று கேள். நான் ஒரு நாளாவது கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். எல்ஃபைத் தமிழில் எழுத வந்தால் எல்ஃப் என்றே எழுது. எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்க வேண்டும் என்றில்லை. மாமிக்காக ஒரு யாஸீன் ஓது. அவ உன்னிடம் ஒரு பிழையும் செய்யவில்லை.

டிக்கட்டை நான் இன்னும் தொடவில்லை. என் கையிலிருந்து உன் கையைக் கொடுக்க உனக்கு மனமில்லை என்றால் ஒரு சொல் எழுதிவிடு. அங்குள்ள பள்ளிவாசல் இமாமுக்கு என் சார்பில் நிற்க அதிகாரம் கொடுத்து எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். காரணம் கேட்க மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவசரப்பட்டு நீ எழுதவும் வேண்டாம். எனக்கு அது ஆறுதல் தராது, உனக்கும் உண்மையாக இராது.

இந்தக் கடிதத்தோடு ஒரு கொப்பி வருகிறது. ஏழுக்கு ஒன்று ஈடில்லை என்று தெரியும். பத்தொன்பது வருஷம் அவ என்னோடு பேசியிருக்கிறா. உன் காதில் விழாத வாக்கியங்கள் என்னிடம் இருக்கின்றன. என்னை ஏசியவை, சந்தைக்குப் போகும்போது சொல்லிவிட்டவை, நீ பிறந்த அன்றைக்குச் சொன்னவை, நினைவில் வந்த ஒழுங்கிலேயே எழுதியிருக்கிறேன். எதையும் மொழிபெயர்க்கவில்லை, திருத்தவும் இல்லை, அவ வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன்.

முதல் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தை அவ ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முதல் நாள் என்னிடம் சொன்னா, உனக்கும் சொல்லச் சொன்னா. நான் உனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. அதை எழுதத்தான் எனக்கு ஒரு கிழமை எடுத்தது:

"நான் போனா அவள் எழுதுவா. எழுத உடுங்க. உங்களுக்கு வாசிக்கத் தராட்டி கோவிக்காதீங்க, பத்திரமா எடுத்து மட்டும் வைங்க."

உன் வாப்பா